சாகடிக்கவென்றே செய்த விளையாட்டுகளை ஆடுவது எப்படி

முதலில் விண்டோஸில் ஸ்டிக்கி கீஸ் என்ற வசதியை அணைத்துவிட்டு வாருங்கள். ஷிஃப்ட் விசையை அடுத்தடுத்து ஐந்து முறை தட்டினால் விண்டோஸ் ஒரு பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, "இதை இயக்கட்டுமா?" என்று கேட்கும். நாம் ஆடப்போகும் கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் தாவும் விசையே ஷிஃப்ட்தான். ஒரு நிமிடத்துக்குள் ஐந்து முறை என்ன, ஐம்பது முறை தட்டுவீர்கள். பாஸ் (ஒரு கட்டத்தின் கடைசியில் நிற்கும் பெரிய எதிரி) சாகப்போகிற நேரத்தில் அந்தப் பெட்டி வந்து நின்றால் வீட்டில் இருப்பவர்கள் கேட்கக்கூடாத வார்த்தைகள் வரும். செட்டிங்ஸில் 'அக்சசிபிலிட்டி', அதற்குள் 'கீபோர்டு', அங்கே ஸ்டிக்கி கீஸ். அதன் குறுக்குவிசையையும் சேர்த்து அணைக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் பெட்டி மறுபடி வரும்.

சரி, எந்த விளையாட்டு என்று சொல்லவில்லையே. 'ஐ வானா பீ த கய்' என்று 2007-இல் ஒன்று வந்தது. மைக்கேல் ஓ'ரைலி என்ற அமெரிக்கர், கயின் என்ற பெயரில் தனியாளாகச் செய்து இலவசமாக வெளியிட்டது. அதற்குத் தூண்டுதல் ஜப்பானில் 2சேனல் என்ற இணைய அரட்டைத் தளத்து ஆட்கள் மத்தியில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு ஃப்ளாஷ் விளையாட்டு. 'கய்'யைப் பார்த்துப் பிறர் செய்த விளையாட்டுகள் பிறகு ஆயிரக்கணக்கில் வந்துவிட்டன. பெரும்பாலும் 'ஐ வானா' என்றுதான் பெயர் தொடங்கும். ஆடுகிறவர்கள் மொத்தத்தையும் 'ஃபேன்கேம்' என்பார்கள். ஒரு சின்னப் பையன், கையில் ஒரு துப்பாக்கி, இரண்டு தாவல். எதைத் தொட்டாலும் சாவு. முள், பழம், சில சமயம் மேகம். உயிர்ப்பட்டை கிடையாது. ஒரு அடிதான்.

நான் விருதுநகர் பக்கம் ஒரு தட்டச்சுப் பயிற்சி நிலையம் நடத்துகிறேன். லோயர், ஹையர் தேர்வுக்குப் பிள்ளைகள் வருவார்கள். ஒரு பக்கம் பழைய ரெமிங்டன் மெஷின்கள், மறுபக்கம் நாலு கம்ப்யூட்டர். கடைசி பேட்ச் போனதும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அந்த நாலில் ஒன்றில் உட்கார்ந்துவிடுவேன். இந்த விளையாட்டுகளுக்குக் கிராஃபிக்ஸ் கார்டு வேண்டாம், இன்டர்நெட் வேண்டாம், காசும் வேண்டாம். பத்து வருடப் பழைய கம்ப்யூட்டரில் தாராளமாக ஓடும். என்னிடம் படிக்கிற பையன் ஒருவன் ஷட்டருக்குக் கீழே குனிந்து பார்த்துவிட்டு, "என்ன சார், செத்துக்கிட்டே இருக்கீங்க?" என்றான். "செத்தா என்னடா, ஆர் அமுக்குனா எந்திரிச்சிருவான்" என்றேன். அன்றிலிருந்து அவனும் ஆடுகிறான். இப்போது அவன் என்னைவிட நன்றாக ஆடுவதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

அந்த 'ஆர்' விசையில்தான் எல்லாம் இருக்கிறது. செத்ததும் திரையில் பெரிதாக 'கேம் ஓவர்' என்று விழும். ஆர் அமுக்கினால் அடுத்த கணமே கடைசியாக சேவ் செய்த இடத்தில் நிற்பீர்கள். லோடிங், விளம்பரம், 'மீண்டும் முயல வேண்டுமா' என்ற கேள்வி எதுவும் இல்லை. பெரிய கம்பெனி விளையாட்டுகளில் ஒரு சாவுக்கு அரை நிமிடம் போகும். இங்கே ஒரு நொடிகூடப் போவதில்லை. அதனால்தான் எத்தனை சாவானாலும் தாங்குகிறது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சாவுகளின் எண்ணிக்கைதான் கண்ணில் படும். ஆடுகிறவருக்குத் தெரிவது, ஒரே தாவலைத் திரும்பத் திரும்பச் செய்துபார்க்கிற பயிற்சி.

ஏன் இவ்வளவு குரூரமாகச் செய்கிறார்கள் என்று கேட்பார்கள். ஒரு காரணம் ரொம்ப லௌகீகமானது. மாரியோ, மெகா மேன், கேசில்வேனியா என்று பிறருடைய படங்களையும் பாட்டுகளையும் அப்படியே எடுத்துப் போட்டுத்தான் 'கய்' செய்யப்பட்டது. அதை விற்க முடியாது. விற்க முடியாத பொருளுக்கு வாடிக்கையாளரும் கிடையாது, அவர் மனம் கோணாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் கிடையாது. செய்கிறவருக்கு இருப்பதெல்லாம் ஒரு குறும்பு எண்ணம்: "இந்த இடத்துல இவன் எப்படி ஏமாறுவான்?" இந்த வகையின் இன்னொரு கிளையான கைசோ மாரியோ அப்படியே பிறந்ததுதான். சூப்பர் மாரியோ வேர்ல்டை உடைத்து மாற்றி, டி. டாகெமோட்டோ என்ற ஜப்பானியர் தன் நண்பரை ஆடவைக்கச் செய்தது அது. அதன் ஜப்பானியத் தலைப்பே 'நான் செய்த மாரியோவை நண்பனை ஆட வைக்கிறேன்' என்ற மாதிரிதான் இருக்கும். எதிரில் ஒரு ஆள் உட்கார்ந்து நம்மைக் கலாய்க்கிறான் என்று எடுத்துக்கொண்டு ஆடிப் பாருங்கள், கோபம் வருகிற இடத்தில் சிரிப்பு வரும். இதில் உள்ள ஈர்ப்பு என்று என்னைக் கேட்டால் அதைத்தான் சொல்வேன். கீழே வருகிற கைவேலை எல்லாம் அந்தக் கலாய்ப்புக்குப் பதில் சொல்லத்தான்.

எதை எடுப்பது

புதிதாக வருகிறவர்கள் நேராக 'கய்'யிடம் போவார்கள். போகலாம், தவறில்லை, ஆனால் அதற்கென்று ஒரு பொறுமை வேண்டும். அதில் மீடியம், ஹார்டு, வெரி ஹார்டு, இம்பாஸிபிள் என்று நாலு நிலை. மீடியத்தில் ஆடினால் பையன் தலையில் ஒரு ரோஸ் கலர் ரிப்பனைக் கட்டிவிடுவார்கள். அந்த நிலைக்கென்று கூடுதலாக வைத்த சேவ் பெட்டிகளில் 'சேவ்' என்று எழுதாமல் 'பயந்தாங்கொள்ளி' என்ற பொருளில் ஒரு ஆங்கிலச் சொல் எழுதியிருக்கும். இம்பாஸிபிளில் சேவே கிடையாது. வெட்கப்படாமல் ரிப்பனைக் கட்டிக்கொள்ளுங்கள். பார்க்கப் போவது யார்?

ஃபேன்கேம்களைப் பட்டியல் போட்டு, ஆடினவர்களிடமே மதிப்பெண் வாங்கி வைத்திருக்கும் 'டெலிஷஸ் ஃப்ரூட்' என்ற தளம் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு இத்தனை கடினம் என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். 25-ஐச் சுற்றி இருப்பதில் தொடங்கினால் சரியாக இருக்கும். அப்புறம் மெல்ல ஏறலாம். கூடவே என்ன வகை என்றும் குறித்திருப்பார்கள். 'நீடில்' என்றால் முழுக்க முள்ளும் தாவலும். 'ட்ராப்' என்றால் கண்ணுக்குத் தெரியாத சூழ்ச்சி. 'அவாய்டன்ஸ்' என்றால் பாட்டுக்கு ஏற்றபடி வந்து விழும் பழங்களுக்கு நடுவே புகுந்து பிழைப்பது. 'அட்வென்ச்சர்' எல்லாம் கலந்தது. தொடங்க நல்லது அதுதான். 2010-இல் வந்த 'ஐ வானா பீ த போஷி' ரொம்பப் பிரபலம். வரிசையாக பாஸ்கள், கடைசி பாஸின் பெயர் சோல்கிரின். அதைச் செய்தவருடைய புனைபெயரும் அதே. தன்னையே கடைசி எதிரியாக வைத்துவிட்டார் மனுஷன். அருமைதான், ஆனால் முதல் மாதத்தில் வேண்டாம். 'கமிலியா 3' என்று யாராவது பரிந்துரைத்தால் அவர் உங்கள் நலம்விரும்பி இல்லை.

விளையாட்டை டவுன்லோடு செய்யும்போது ஒரு எச்சரிக்கை. இவை யாரோ வீட்டில் உட்கார்ந்து செய்த இ.எக்ஸ்.இ. கோப்புகள். பல ஆண்டுகளாக நிறையப் பேர் ஆடிக் கருத்துச் சொன்னவற்றை மட்டும் எடுங்கள். ஆண்டிவைரஸ் சில சமயம் வெறுமனே கத்தும், சில சமயம் காரணத்தோடு கத்தும். சந்தேகமாக இருந்தால் விட்டுவிடுங்கள், இருக்கிற ஆயிரத்தில் ஒன்று குறைந்தால் என்ன? பேங்க் வேலை பார்க்கும் கம்ப்யூட்டரில் இதைப் போடாதீர்கள்.

கை

அம்பு விசைகள் வலது கையில். தாவ ஷிஃப்ட், சுட இசட், இரண்டும் இடது கையில். ஆர் மறுபடி தொடங்க. க்யூ அமுக்கினால் பையன் தானே செத்துப்போவான். அதற்கும் தேவை வரும். ஏறக்குறைய எல்லா ஃபேன்கேமிலும் இதுவே வழக்கம் என்பதால் ஒருமுறை பழகினால் போதும்.

கீபோர்டைச் சோதித்துக்கொள்ளுங்கள். மலிவான கீபோர்டுகளில் சில மூன்று விசைகளைச் சேர்த்து அமுக்கினால் மூன்றாவது பதியாது. நோட்பேடைத் திறந்து பயனில்லை, அம்பு விசை அதில் எழுத்தாக வராது. ஆட்டத்துக்குள்ளேயே போய், இடது அம்பை அமுக்கியபடி ஷிஃப்டையும் பிடித்துக்கொண்டு இசட் தட்டிப் பாருங்கள். குண்டு வந்தால் சரி. வலது அம்புக்கும் அதையே செய்யுங்கள். வரவில்லையென்றால், விசைகளை மாற்றிக்கொள்ள விடும் விளையாட்டாகப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு கீபோர்டு. திறமை போதவில்லை என்று பலர் நொந்துகொள்கிற இடத்தில் பாதி நேரம் கீபோர்டுதான் குற்றவாளி.

தட்டச்சு சொல்லிக்கொடுக்கிறவன் என்பதால் இதை மட்டும் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே எச் ஜே. எங்களிடம் வரும் எந்தப் பிள்ளையும் முதல் வாரம் முழுக்க இந்த ஒரே வரியைத்தான் அடிக்கும். வேகம் கேட்க மாட்டோம், சீர் கேட்போம். விரலைப் பார்க்காதே, தாளைப் பார் என்போம். ஃபேன்கேமிலும் அதேதான். பையனைப் பார்த்துக்கொண்டு ஆடினால் எப்போதும் ஒரு கணம் பிந்தியே இருப்பீர்கள். அவன் போய்ச் சேரவேண்டிய இடத்தில் கண் இருக்கட்டும், அவன் ஓரக்கண்ணில் தெரிந்தால் போதும்.

ஒரே ஒரு வித்தியாசம், அதுதான் தட்டச்சுத் தெரிந்தவர்களைக் கவிழ்க்கும். தட்டச்சில் விசையை எவ்வளவு நேரம் அமுக்குகிறோம் என்பது கணக்கே இல்லை. சுள்ளென்று அடித்துவிட்டு எடுத்துவிட வேண்டும். இங்கே அந்த நேரம்தான் தாவலின் உயரம். ஷிஃப்டை அமுக்கிப் பிடித்தால் முழுத் தாவல். விட்ட கணத்திலேயே மேலே போகிற வேகம் பாதிக்கும் குறைவாகிவிடும். தொட்டுவிட்டு எடுத்தால் சும்மா ஒரு துள்ளல். ஆக, ஒரே விசைக்குள் பத்துப் பதினைந்து தாவல்கள் இருக்கின்றன. முள் இல்லாத ஒரு இடத்தில் நின்று, ஆகக் குட்டையான தாவலில் தொடங்கி ஆக நீளமானது வரை படிப்படியாகப் போய்ப் பாருங்கள். சலிப்பான வேலைதான். ஏ எஸ் டி எஃப் மட்டும் என்னவாம்?

எண்கள்

மிரள வேண்டாம், கூட்டல் தெரிந்தால் போதும். பெரும்பாலான ஃபேன்கேம்கள் கேம்மேக்கர் என்ற விளையாட்டு செய்யும் மென்பொருளில் ஒரே மாதிரியான அடித்தளத்தின் மேல் கட்டப்பட்டவை. அதனால் பையனின் உடல்விதிகள் எங்கே போனாலும் ஒன்றே. நொடிக்கு 50 சட்டங்கள் (ஃப்ரேம்கள்) ஓடும். ஒரு சட்டம் என்பது 20 மில்லிநொடி. பையன் சட்டத்துக்கு 3 பிக்சல் நடப்பான். கட்டைகளும் முட்களும் 32-க்கு 32 பிக்சல். முதல் தாவல் சட்டத்துக்கு 8.5 பிக்சல் வேகத்தில் கிளம்பும், இரண்டாவது 7. ஒவ்வொரு சட்டத்துக்கும் புவியீர்ப்பு 0.4 பிடித்து இழுக்கும். விழும் வேகம் 9-க்கு மேல் போகாது.

இதைக் கூட்டிப் பார்த்தால், முழு முதல் தாவலில் ஏறக்குறைய 86 பிக்சல் ஏறலாம். அதாவது இரண்டு கட்டை ஏறலாம், மூன்று முடியாது. உச்சியில் இரண்டாவதையும் போட்டால் இன்னும் 57, 58 பிக்சல். மொத்தத்தில் நாலு கட்டை ஏறிவிடலாம், ஐந்து முடியாது. ஒரு திரையைப் பார்த்ததும், "இது ஒத்தைத் தாவல், அது ரெட்டை" என்று கண்ணாலேயே பிரிக்க இந்த இரண்டு எண்கள் போதும். மூன்று கட்டை உயரத்தை ஒற்றைத் தாவலில் ஏற முயன்று ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருப்பவர்களை எனக்குத் தெரியும்.

விளிம்பிலிருந்து தாவாமல் அப்படியே நடந்து விழுந்தாலும் காற்றில் ஒரு தாவல் மிச்சம் இருக்கும். ஆனால் அது இரண்டாவது தாவல், சிறியது. புதியவர்கள் இரண்டையும் பட்பட்டென்று உடனே செலவழித்துவிட்டுக் காற்றில் கையைப் பிசைவார்கள். இரண்டாவதைக் கடைசி வரை கையில் வைத்திருக்கப் பழகுங்கள். விழுந்துகொண்டே வந்து, முள்ளின் நுனிக்குச் சற்று மேலே அதைப் போடும் சுகத்துக்காகத்தான் நீடில் ஆடுகிறவர்கள் நீடில் ஆடுகிறார்கள்.

அடுத்து வருவது கொஞ்சம் நுட்பம், ஆனால் இது தெரியாததால்தான் பலர் 'ஒரு தடவை வருது, ஒரு தடவை வரல' என்று தலையைச் சொறிவார்கள். பையன் மூன்று மூன்று பிக்சலாக நடக்கிறான். 32-ஐ மூன்றால் வகுத்தால் மீதமில்லாமல் வராது. ஆகவே அவன் எந்தப் பிக்சலில் இருந்து கிளம்பினான் என்பதைப் பொறுத்து, ஒரே கட்டையின் மேல் மூன்று விதமான இடங்களில் காலூன்றலாம். முள்ளோடு முள் நெருங்கி நிற்கும் இடத்தில் ஒரு நிலையிலிருந்து போனால் தாராளமாக நுழைவான், அடுத்த நிலையிலிருந்து போனால் மூக்கு உரசிச் செத்துப்போவான். இதற்கு மருந்து, சுவர். சுவரில் போய் முட்டிக்கொண்டு நின்றால் எப்போதும் ஒரே இடம். அங்கிருந்து கிளம்பினால் எப்போதும் ஒரே கணக்கு.

இதைவிட நல்ல மருந்து, சேவ் பெட்டி. அதைத் துப்பாக்கியால் சுட்டால்தான் சேவ் ஆகும். பல ஃபேன்கேம்களில், சுட்ட நொடியில் நீங்கள் எங்கே நின்றீர்களோ அந்தப் பிக்சல்தான் பதிவாகும். ஆர் அமுக்கினால் அங்கேயே எழுவீர்கள். எத்தனை முறை வேண்டுமானாலும் சுடலாம். ஆகவே ஒரு திரைக்குள் நுழைந்ததும் வாசலில் பார்த்த பெட்டியை ஓடிக்கொண்டே சுட்டுவிட்டுப் போகாதீர்கள். முதல் தாவலுக்கு வாகான இடத்தைத் தேடி, நின்று, சுடுங்கள். வலப்பக்கம் ஓட வேண்டுமென்றால், வலது அம்பை அமுக்கிப் பிடித்துக்கொண்டே ஆர் தட்டுங்கள். எழுந்ததும் ஓடத் தொடங்குவான். அப்போது உங்கள் கை சரியான நேரத்தைத் தேடி அலைய வேண்டாம், எழுந்ததிலிருந்து ஒரு தாளமாக எண்ணிக்கொண்டே போய்த் தாவலாம். என் மாணவன் வாயால் 'தக-திமி' போட்டுக்கொண்டு ஆடுவான். பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தொல்லை. ஆனால் வேலை செய்கிறது.

நீடில் ஆடுகிறவர்கள் ஒவ்வொரு முள் அமைப்புக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள்: டைமண்ட், கார்னர், கேட் என்று நீளும். பெயர்களை மனப்பாடம் செய்ய அவசரமில்லை. நாலைந்து விளையாட்டு ஆடினால், "இதை முந்தி பார்த்திருக்கோமே" என்று விரலுக்கே தெரிந்துவிடும்.

ஏமாறுவதற்கும் ஒரு முறை இருக்கிறது

'கய்'யின் தொடக்கத்திலேயே மரங்கள் இருக்கும், அவற்றில் சிவப்பாகப் பழங்கள். அடியில் போனால் ஒன்று தலையில் விழும், செத்துப்போவீர்கள். சரி, பழம் என்றால் விழும் என்று புத்தியாக அடுத்த மரத்தின் பழத்துக்கு மேலாகத் தாவுவீர்கள். அது கீழிருந்து மேலே 'விழுந்து' உங்களைக் கொல்லும். அந்த ஒரு கணத்தில் ஆட்டம் தன் சுபாவத்தைச் சொல்லிவிட்டது: உனக்குத் தெரிந்த விதி எனக்கும் தெரியும், அதை வைத்தே உன்னைப் பிடிப்பேன். பின்னால் டிராகுலாவிடம் போகும்போது அவன் சிம்மாசனத்தில் உட்கார்ந்து நீட்டி முழக்கி வசனம் பேசுவான். வசனம் தானே என்று கையைக் கீபோர்டிலிருந்து எடுத்தீர்களோ, பேச்சின் நடுவே கையிலிருக்கும் மதுக்கோப்பையை வீசுவான். அது பட்டாலும் சாவு. முதல் தடவை பார்த்தபோது நாற்காலியிலிருந்து எழுந்து நின்று சிரித்தேன்.

இந்த இடங்களுக்குத் திறமை உதவாது, நினைவுதான் உதவும். ஆகவே புதுத் திரைக்குள் போனால் முதல் சில உயிர்களைத் தானமாகக் கொடுத்துவிடுங்கள். ஜெயிக்கப் பார்க்காமல், எது எது கொல்லும் என்று மட்டும் தடவிப் பாருங்கள். சந்தேகப்பட வேண்டியவை சில உண்டு. காரணமே இல்லாமல் வசதியாக இருக்கும் பாதை. தேவைக்கு மேல் அகலமான தரை. அழகுக்காக வைத்ததுபோல் இருக்கும் பொருள். மாரியோ ஆடிப் பழகியவருக்கு நாணயம் ஆசை காட்டுகிற இடம். சூழ்ச்சியில் ஒரு நன்மை என்னவென்றால், அது மாறாது. ஒருமுறை விழுந்த பழம் அடுத்த முறையும் அதே இடத்தில் அதே கணத்தில்தான் விழும்.

அவாய்டன்ஸில் மட்டும் கொஞ்சம் கவனம். பாட்டோடு கூடி பழங்கள் வட்டம் வட்டமாக வரும். சில பகுதிகள் எப்போதும் ஒன்றுபோல வரும், சில பகுதிகள் ஒவ்வொரு முறையும் வேறாக வரும். எது எது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். மாறாத பகுதிக்கு நிற்கவேண்டிய இடத்தைப் பாட்டின் அடியோடு சேர்த்து மனப்பாடம் செய்துவிடலாம். மாறும் பகுதியில் திரையின் கீழ் நடுவில் இருந்துகொண்டு குட்டிக் குட்டி அசைவுகளோடு பிழைப்பதுதான் வழி. மூலைக்கு ஓடினால் மாட்டிக்கொள்வீர்கள். ஹெட்ஃபோன் போட்டு ஆடுங்கள். சத்தத்தை அணைத்துவிட்டு அவாய்டன்ஸ் ஆடுவது எனக்குப் புரியாத ஒன்று.

நிறுத்துகிற நேரம்

ஒரே இடத்தில் முன்பைவிடச் சீக்கிரமாகச் சாகத் தொடங்கினால் அன்றைக்கு எழுந்துவிட வேண்டும். ராத்திரி வராத தாவல் காலையில் காபி குடித்துவிட்டு உட்கார்ந்தால் வருவது எல்லோருக்கும் நடப்பதுதான், தூக்கத்தில் கை படித்துக்கொள்கிறது. இடது சுண்டுவிரலால் ஷிஃப்டை மணிக்கணக்காக அமுக்கினால் முன்கை வலிக்கும். மணிக்கட்டை மேஜை விளிம்பில் வைத்து அழுத்தாதீர்கள், முழங்கையை மேஜைமேல் ஏற்றிவையுங்கள். வலி தொடங்கியபின் ஆடுவது வீரமில்லை. அப்புறம், எழும் முன் சேவ் கோப்பை வேறு ஃபோல்டரில் ஒரு நகல் எடுத்துவையுங்கள். தப்ப முடியாத இடத்தில் சேவ் செய்துகொண்டு மாட்டுவது இந்த விளையாட்டுகளில் சகஜம்.

பக்கத்துத் தெருக்கள்

கைசோ மாரியோவுக்குப் போகிறவர்களுக்கு நாலு வார்த்தை. 1990-இல் வந்த சூப்பர் மாரியோ வேர்ல்டை, ஃபுசோயா என்பவர் 2000-இல் வெளியிட்ட லூனார் மேஜிக் என்ற கருவியால் பிரித்து மேய்கிறார்கள். முழு விளையாட்டையும் யாரும் தர மாட்டார்கள், தரவும் கூடாது. மாற்றங்கள் மட்டும் அடங்கிய பேட்ச் கோப்புதான் தருவார்கள். அதை உங்களிடம் உள்ள அசலின் மேல் போட்டுக்கொள்ள வேண்டும். அங்கே கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டை தாவும்போது தலையில் இடித்துப் பள்ளத்தில் தள்ளும். அதற்குக் கைசோ பிளாக் என்றே பெயர். அதைவிடக் குரூரம், முடிவுக்கோட்டைத் தாண்டியபின் வருவது. வெற்றி இசை ஒலிக்கும், மாரியோ உங்கள் கட்டுப்பாட்டில் இல்லாமல் தானாக நடந்துபோவான், போய் ஒரு குழியில் விழுவான். லெவல் தோல்வி. தாண்டும் முன்பே அந்தக் குழிக்கு வழி செய்திருக்க வேண்டும் என்பது அப்போதுதான் உறைக்கும். இப்போது வரும் கைசோக்கள் இவ்வளவு அயோக்கியத்தனம் செய்வதில்லை, தாவல் நடனம்போல ஆகிவிட்டது. ஆமையோட்டைச் சுவரில் எறிந்து, அது திரும்பி வரும்போது காற்றில் அதன்மேல் மிதித்து ஏறும் 'ஷெல் ஜம்ப்'தான் அங்கே பட்டம் வாங்கும் தேர்வு.

கையில் கொஞ்சம் காசும் ஒரு கேம்பேடும் இருந்தால் செலெஸ்ட். 2018-இல் வந்தது. கடினமானது, ஆனால் கனிவானது: விளிம்பைத் தாண்டி ஒரு கணம் பிந்தித் தாவினாலும் மன்னித்துவிடும். ஃபேன்கேமில் அந்தக் கருணை கிடையாது. அதை முடித்தபின் ரசிகர்கள் சேர்ந்து 2023-இல் வெளியிட்ட 'ஸ்ட்ராபெர்ரி ஜாம்' தொகுப்பை எவரெஸ்ட் என்ற மாட் லோடர் (ரசிகர்கள் செய்த மாற்றங்களை விளையாட்டில் ஏற்றும் கருவி) வழியாகப் போட்டுக்கொள்ளுங்கள். நூற்றுக்கு மேற்பட்ட மேப்புகள், தொடக்க நிலை முதல் கிராண்ட்மாஸ்டர் வரை ஐந்து கூடங்கள், உத்திகளைப் பழகத் தனியாக ஜிம்கள். கிராண்ட்மாஸ்டர் கூடத்தின் கதவை நான் வெளியே நின்று கும்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

நீங்களே ஒரு அறை

இரண்டு மூன்று விளையாட்டு முடித்ததும் இதைக் கட்டாயம் செய்யுங்கள், கற்றுக்கொள்ள இதைவிடக் குறுக்குவழி இல்லை. ஜேடூல் என்று ஒரு இலவசக் கருவி. நிரலெழுதத் தெரிய வேண்டாம். கட்டம் போட்ட ஒரு திரை வரும், கட்டையையும் முள்ளையும் எலியால் எடுத்து வைத்து அங்கேயே ஆடிப் பார்க்கலாம். செய்த திரையை ஒரு சிறு கோப்பாக நண்பருக்கு அனுப்பலாம். முதலில் ஒரே ஒரு தாவலை யோசியுங்கள்: பையன் எங்கே நிற்பான், எங்கே போய்ச் சேருவான். அந்த வழியை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடங்களை முள்ளால் அடையுங்கள். முதலிலேயே திரை முழுக்க முள்ளை இறைத்துவிட்டு வழி தேடினால் ஆட்டம் வராது, வேலிதான் வரும்.

நீங்களே சேவ் பெட்டியிலிருந்து தொடங்கி முழுசாகத் தாண்டிய பிறகுதான் இன்னொருவரிடம் கொடுக்க வேண்டும். இதில் சலுகை கிடையாது. கொடுத்தபின் பக்கத்தில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு பாருங்கள். "அங்க இல்ல, இந்தப் பக்கம்" என்று சொல்ல நாக்கு துடிக்கும், சொல்லாதீர்கள். அவர் எங்கே நின்று யோசிக்கிறார், எதை நம்பி ஏமாறுகிறார் என்று பார்த்தாலே அடுத்த அறைக்கு வேண்டியது கிடைத்துவிடும். மிகக் கஷ்டமான தாவலுக்கு முன்னால் ஒரு சேவ் வையுங்கள், பின்னால் ஒன்று வையுங்கள். எளிதான நாலு தாவலைத் திரும்பத் திரும்பச் செய்ய வைத்து ஐந்தாவதில் கொல்வதில் நகைச்சுவை இல்லை, சோம்பல்தான் இருக்கிறது. பழம் ஒன்றை மேல்நோக்கி விழவைக்க ஆசையாக இருந்தால் அதற்கு ஜேடூல் போதாது, கேம்மேக்கருக்குப் போக வேண்டும். என் மாணவன் போயிருக்கிறான். அவன் எனக்காகச் செய்திருக்கும் அறையில் ஒரு ரெமிங்டன் மெஷின் இருக்கிறது. அதன் கேரேஜ் எந்தத் தாவலுக்கு நகர்கிறது என்று இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை.